ஏழு தாய்மார்களில் ஒருத்தி

கல்லறைக் கற்களில் தேய்ந்துபோன எழுத்தைப் படிக்க வேண்டுமானால் காலை வெயிலில் போக வேண்டும். உச்சிப்பொழுதில் கண்ணுக்கே தெரியாத பெயர்கூட, வெயில் சாய்வாக விழும்போது நிழல் பிடித்து எழுந்து நிற்கும். சிலர் கல்லின்மேல் சவர நுரையைத் தடவி வழித்துப் படிக்கிறார்கள். எங்கள் இடுகாட்டில் நான் அதை அனுமதித்ததே இல்லை. நுரை கல்லுக்குள் இறங்கி மெல்ல அரித்துவிடும். அவ்வளவு வயதான ஒன்றிடம் கேள்வி கேட்பவனுக்கு அதை நோகடிக்காமல் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் இந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவரில்லை என்பது பேச்சிலேயே தெரிகிறது. கடற்கரைப் பக்கத்து வர்ஜீனியா, இல்லையா? ஆகவே எங்கள் குடும்பத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் அம்மாவுக்கு நடந்தது புரியாது.

ஹ்யூ டன்வுடி 1738-ல் அயர்லாந்தின் வடக்கே ஆன்ட்ரிம் என்ற பகுதியிலிருந்து கப்பலேறி வந்தார். அவருடைய பாட்டனார் காலத்தில் ஸ்காட்லாந்திலிருந்து அங்கே குடியேறிய குடும்பம். குத்தகை ஏறிக்கொண்டே போனது, மழை பொய்த்தது, இவர்கள் வேறு சபை என்பதால் பிஷப்பின் ஆட்கள் இவர்களுடைய திருமணங்களைக்கூடச் செல்லாது என்றார்கள். டெலவேர் ஆற்றங்கரையில் இறங்கி, பென்சில்வேனியாவில் நல்ல நிலமெல்லாம் ஜெர்மானியர் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, தெற்கே நடந்து ப்ளூ ரிட்ஜ் மலைக்கு மேற்கில் எங்கள் ஓடைக்கரையில் காட்டை வெட்டினார். மனைவி ஜீன். இரண்டு மகன்கள். மூத்தவன் சாமுவேல் இங்கேயே இருந்தான், இளையவன் ராபர்ட் டென்னசிக்குப் போனான். நான் மூத்தவனின் வழி. அப்பனிலிருந்து மகனுக்கு, மகனிலிருந்து அவன் மகனுக்கு, ஓரிடத்தில்கூட அறுபடாமல் அதே மண்ணில் வாழ்ந்த ஒரே கிளை. நில அளவையாளனாக வேலை பார்த்தேன். மாலைகளையும் ஞாயிறுகளையும் ஹ்யூவுக்குக் கொடுத்தேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு நேரம் இருந்ததாக நினைவில்லை.

ஒவ்வொரு ஜூன் மாதமும் கல் தேவாலயத்து ஓக் மரங்களின்கீழ் டன்வுடிகள் கூடுவார்கள். வறுத்த கோழி, சோள ரொட்டி, பீச் பழ இனிப்பு. தலைமை மேசையில் ஒரு வெள்ளைத் துணி விரிப்போம். ஹ்யூவின் ரத்தத்தில் பிறந்த ஒவ்வொருவர் பெயரும் அதில் சிவப்பு நூலில் தைக்கப்பட்டிருக்கும். ஒரு வருடம் என் தங்கை வெர்னா தான் தத்தெடுத்த மகளின் பெயரையும் அதில் தைத்துக் கொண்டுவந்தாள். நான் ஒரு பிளேடை எடுத்து, அந்தக் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே, நூலை ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். துணிக்கு ஒரு சேதமும் வரவில்லை. ஏன் பிரிக்கிறேன் என்பதையும் குழந்தைக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னேன். வெர்னா ஒஹாயோவுக்குப் போனவள், அதன்பின் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் போனில் பேசுவாள், அவ்வளவுதான்.

அம்மா என்னோடு இருந்தாள். ஒலீட்டா என்று பெயர். எண்பத்தொன்பது வயது. இடுப்பெலும்பு உடைந்தபின் பின்னறைக் கட்டிலோடு அவள் வாழ்க்கை. நான் அவளை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். டாக்டரைக் கேளுங்கள், உடம்பில் ஒரு படுக்கைப் புண் கிடையாது. பின்னறைக்கென்று தனியாக விறகு அடுப்பு உண்டு. அதன் சூட்டில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு வானொலியில் தேவாலயப் பாட்டுக் கேட்பாள். நான் சமைத்த குழம்பில் மிளகு கூடிவிட்டதென்று கேலி செய்வாள். "உங்க அப்பாவுக்கும் இதே கைதான்டா, வெண்டல். மனுஷன் மிளகு டப்பாவைத் திறந்தா மூடத் தெரியாது" என்பாள். அப்பா கார்வின் இறந்து முப்பது வருடம் ஆகியிருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில்தான் மரபணுச் சோதனை செய்தேன். ஆண்வழிச் சோதனை என்று ஒன்று உண்டு. அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் ஓர் அடையாளம் அதில் தெரியும். ஆன்ட்ரிமில் ஹ்யூவின் அண்ணன் வழியில் வந்த ஒரு கிழவர் இன்னும் இருந்தார். பல மாதம் கெஞ்சி அவரையும் சோதனைக்குச் சம்மதிக்க வைத்தேன். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போகவில்லை. தூரத்துச் சாயல்கூட இல்லை.

நான் பதறவில்லை. அளவையில் ஒரு கோடு எல்லைக்கல்லில் போய்ச் சேரவில்லையென்றால், நடுவில் எங்கோ பிழை நடந்திருக்கிறது. திரும்பி நடந்து பார்க்க வேண்டும். ஹ்யூவுக்கும் எனக்கும் நடுவே ஏழு தாய்மார்கள். அவர்களில் ஒருத்தி தன் கணவனுக்குப் பிறக்காத பிள்ளையை அவன் பெயரில் வளர்த்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். ஆறு பேர் மண்ணுக்குள் இருந்தார்கள். கேட்டால் பதில் சொல்லக்கூடியவள் ஒருத்திதான்.

மறுநாள் காலை காபி கொடுத்துவிட்டு, என் அப்பா யார் என்று கேட்டேன். அம்மா சிரித்தாள். "கார்வின்தான்டா. வேற யாரு? இந்த ஓடைக்கரையில வேற எந்த ஆம்பளை என்னைத் திரும்பிப் பார்த்தான்?" என்றாள். சோதனையை விளக்கினேன். சிரிப்பு நின்றது. எனக்கு வேறு யாரும் இல்லை, உன் அப்பாவைத் தவிர யாரையும் தொட்டதில்லை என்று வேதாகமத்தின்மேல் கைவைத்துச் சொன்னாள். வேதாகமத்தின்மேல் கைவைத்துப் பொய் சொல்லும் அளவுக்கு ஒருத்திக்கு எதை மறைக்க வேண்டியிருக்கும் என்று யோசித்தேன். சந்தேகம் எனக்கு உறுதிப்பட்டது அன்றுதான்.

நான் அவளை அடித்ததில்லை. குரல் உயர்த்தியதும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் வானொலியை எடுத்தேன். சத்தம் இருந்தால் பழையது நினைவுக்கு வராது. பிறகு பூனையை ஒரு பண்ணையில் கொண்டுபோய் விட்டேன். பிறகு அவளுடைய மூக்குக்கண்ணாடி. பிறகு போன். வெர்னாவிடம், அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, போனில் பேசினால் குழம்பிப்போகிறாள் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் மோரும் சோள ரொட்டியும் நின்று, தண்ணீரில் கரைத்த மாவுக் கஞ்சி ஆயிற்று. எதை எடுத்தாலும் அது என்றென்றைக்கும் போய்விடவில்லை என்பதை அவளுக்குத் தெளிவாகச் சொன்னேன். ஒரே ஒரு பெயர். சொன்னால் எல்லாம் திரும்ப வரும்.

நவம்பரில் விறகை நிறுத்தினேன். சமையலறை அடுப்பின் சூடு போகாதிருக்க நடுக்கதவைச் சாத்தி, அடியில் ஒரு கம்பளத்தைச் சுருட்டி வைத்தேன். காலையில் மட்டும் உள்ளே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பேன்.

பெயர்கள் வரத் தொடங்கின. நான் எடுத்த வழி சரிதான் என்று நினைத்தேன். முதலில் மாவு மில் வைத்திருந்த டேட். ஒரு நாள் முழுவதும் அடுப்பைப் பற்றவைத்தேன். அம்மா கையை நெருப்பிடம் நீட்டிக்கொண்டு அழுதாள். விசாரித்ததில், டேட் நான் பிறப்பதற்கு முந்தைய வருடம் முழுக்கக் கடற்படையில் இருந்திருக்கிறார். அடுப்பை அணைத்தேன். அடுத்து லிண்ட்சே போதகர். அவருடைய மகள் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தாள். பூங்கொத்தோடு போனேன். உங்கள் அப்பா என் அம்மாவோடு படுத்தாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும், கன்னத்தின் உட்புறம் பஞ்சை ஒற்றி எடுத்தால் போதும் என்றேன். அந்தக் கிழவி தன் அப்பாவின் படத்தைச் சுவரில் திருப்பி வைக்கச் சொல்லி அழுதாள். வாயைத் திறந்து அழுததால் பஞ்சை ஒற்றுவது சுலபமாக இருந்தது. பெண்களுக்கும் செய்யக்கூடிய வேறொரு சோதனையில், எங்களுக்குள் எந்த உறவும் இல்லை என்று முடிவு வந்தது.

பிறகு தையல் மெஷின் விற்க வந்தவன் என்றாள். பெயர் தெரியாதாம். பிறகு தன் சொந்த அண்ணன் பெயரைச் சொன்னாள். அப்போது அவளுக்கு உதடு நீலமாகியிருந்தது, பேச்சு குழறியது. ஒவ்வொரு பெயரையும் நான் மதித்தேன். ஒவ்வொன்றுக்கும் வண்டி எடுத்துக்கொண்டு பனியில் அலைந்தேன். எனக்குச் சோர்வு இருக்காதா? பொய்யென்று தெரியும்போதெல்லாம் ஒரு போர்வையை எடுத்தேன்.

பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ஜூனியர் ஹிக்ஸ் ஒருநாள் வாசலில் நின்று, "என்ன அண்ணே, பின்பக்கப் புகைபோக்கியில புகையே காணோம்? விறகு தீர்ந்துபோச்சுன்னா சொல்லுங்க, ஒரு வண்டி கொண்டாந்து போடறேன்" என்றான். அம்மா முன்னறைக்கு மாறிவிட்டாள் என்றேன். அவளுக்கென்று அவன் மனைவி ஆப்பிளைக் கூழாகக் காய்ச்சிச் செய்த ஆப்பிள் வெண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல ஆப்பிள் வெண்ணெய்.

ஜனவரியில் ஒரு காலை நான் நாற்காலியில் உட்காரும் முன்பே அம்மா பேசினாள். கண்ணைத் திறக்கவில்லை. "வெண்டல், எனக்குத் தெரிஞ்ச பேரெல்லாம் தீர்ந்துபோச்சுப்பா. எந்தப் பேரைச் சொன்னா அடுப்பைப் பத்தவைப்பேன்னு நீயே சொல்லிடு. நான் அதையே சொல்றேன்."

இத்தனை மாத உழைப்புக்குப் பிறகும் அவள் உண்மையை அவ்வளவு மலிவாக நினைத்தது எனக்கு வலித்தது. கடைசிப் போர்வையையும் மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஜன்னலை ஒரு கையகலம் திறந்து வைத்திருந்தேன். அன்று ஓடை உறைந்திருந்தது. மறுநாள் போய்ப் பார்த்தபோது அம்மா இறந்திருந்தாள்.

ஜன்னலைச் சாத்தினேன். அடுப்பை மூட்டி, போர்வைகளைப் போர்த்தி, தலைமுடியை வாரிப் பின்னிவிட்டேன். அறை நன்றாகச் சூடான பிறகு டாக்டரைக் கூப்பிட்டேன். அந்த வயதில் இதயம் நிற்பதற்குக் காரணம் வேண்டுமா என்றார். டன்வுடிகளின் இடுகாட்டுக் கல்மதிலுக்கு வெளியே, சரிவில், அவளைப் புதைத்தேன். பனியில் வர முடியாமல் போன வெர்னாவிடம் மதிலுக்குள் இடமில்லை என்றேன். கல்லில் ஒலீட்டா என்று மட்டும் வெட்டச் சொன்னேன். நிரூபணமாகாத ஒன்றை நான் கல்லில் ஏற்றுவதில்லை.

ஏப்ரலில் டென்னசியிலிருந்து டெலானோ போன் செய்தான். அவன் ஹ்யூவின் இளைய மகன் ராபர்ட்டின் வழியில் வந்தவன். அவனும் சோதனை செய்திருந்தான், நான்தான் செய்யச் சொல்லியிருந்தேன். "அண்ணே, உங்களுதும் என்னுதும் அச்சு அசலா ஒண்ணு. அயர்லாந்துக் கிழவர்தான் நம்மகூட ஒட்டல. நாம ரெண்டு பேரும் ஒரே ரத்தம்ணே" என்றான். அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

உங்களுக்குப் புரிகிறதல்லவா? சாமுவேலுக்கும் ராபர்ட்டுக்கும் ஒரே அப்பன். அங்கிருந்து எனக்கும் டெலானோவுக்கும் கோடு நேராக வருகிறது, ஏழு தாய்மார்களில் ஒருத்தியும் தவறவில்லை. ஆன்ட்ரிம் கிழவரின் தூரத்துப் பங்காளி ஒருவரும் சோதனை செய்தார், அவர்கள் கோடும் சரி. பிழை ஹ்யூவிடமே இருக்கிறது. ஒன்று, அவர் டன்வுடியே அல்ல, யாருடைய பெயரையோ எடுத்துக்கொண்டு கப்பலேறியவர். இல்லையென்றால் ஜீன் இரண்டு பிள்ளைகளோடு அந்தக் கப்பலில் வந்த விதவை, வழியில் ஹ்யூவைக் கட்டிக்கொண்டவள். இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. அப்படியானால் நாங்கள் எல்லோருமே தத்துப் பிள்ளைகளின் வாரிசுகள். சுவாரசியமான விஷயம். இங்கே புத்தகங்கள் அனுமதிப்பீர்களா?

இந்த ஜூன் கூட்டத்தில் இதை உறவினர் அனைவருக்கும் சொன்னேன். ஒரு முடிவைச் சொல்பவன் அதற்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். எந்த வழி தவறிப்போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே அம்மாவிடம் விசாரித்ததை, பின்னறையை, போர்வைகளை, வரிசையாகச் சொன்னேன். கோழிக்காலைக் கையில் பிடித்திருந்த டெலானோ அதைத் தட்டில் வைத்துவிட்டான். ஒருவரும் சாப்பிடவில்லை. அதைக் கவனம் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா இறந்த வருடம் என்பதால் வெர்னாவும் வந்திருந்தாள். அவள் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "குளிருதுன்னு அம்மா சொன்னாங்களா அண்ணா?"

"சொன்னா. தினமும் சொன்னா" என்றேன். கேட்டதற்கு உண்மையைச் சொல்வது என் வழக்கம். அவள் காருக்குப் போய் உங்களுக்குப் போன் செய்தாள்.

கொன்றேனா என்று காலையிலிருந்து நாலு விதமாகக் கேட்டுவிட்டீர்கள். ஆம். குளிரில் சாவாள் என்று தெரிந்துதான் கடைசிப் போர்வையை எடுத்தேன். கையெழுத்துப் போடுகிறேன், அதில் எனக்குத் தயக்கமில்லை. ஒன்றில் மட்டும் உங்கள் உதவி வேண்டும். அம்மாவைத் தோண்டியெடுத்து ஒஹாயோவுக்குக் கொண்டுபோகப் போவதாக வெர்னா சொல்கிறாளாம். அதற்கு நீங்கள் அனுமதி தரக் கூடாது. அவளை மதிலுக்குள், அப்பாவின் பக்கத்தில் வைக்க வேண்டும். கல்லில் கார்வின் டன்வுடியின் மனைவி என்று வெட்ட வேண்டும். அவள் நடத்தையில் ஒரு களங்கமும் இல்லை என்பது இப்போது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டது. ஒரு மகன் தன் தாய்க்குச் செய்யக்கூடியது அதைவிட வேறென்ன இருக்கிறது? அதை நிரூபித்தவன் நான்.