இரு கவிஞர்களின் மௌனம்: ஓர் ஒப்பாய்வு

எனக்கு ஒரே இடத்தில் சேர்ந்தாற்போல் உட்கார வராது. பேசும்போது எழுந்து நடந்தால் ஓடப் பார்க்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வகுப்பிலும் அப்படித்தான். மாணவர்கள் எனக்கு ‘ஊஞ்சல் மேடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒப்பிலக்கியத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். போன வருடம் சாப்பிடும்போது கேட்டாள்: “அம்மா, நான் பத்தாவதே முடிக்கப்போறேன். நீ எப்பம்மா முடிப்ப?” மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

தலைப்பு நல்ல தலைப்பு. வேற்றுமொழிக் கவிஞர் ஒருவர், நம் மொழிக் கவிஞர் ஒருவர். இருவரும் பேரும் புகழுமாக இருந்தபோதே எழுதுவதை அடியோடு நிறுத்தியவர்கள். சொல்லின் மீதே நம்பிக்கை போனதால்தான் நிறுத்தினார்கள் என்பது என் முடிவு. முன்னவர் இறந்துவிட்டார். நம்மவர் இருந்தார். உயிரோடிருப்பவரை எடுக்காதே என்று என் ஆய்வு நெறியாளர் முதலிலேயே சொன்னார். எங்கள் துறையில் அப்படி ஒரு வழக்கம். “அவர் இனிமே எழுதவே மாட்டார் சார்” என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

ஆதாரம் சேர்க்க அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். மாடியில் ஓர் அறை, ஜன்னலோரம் கட்டில், ஓயாத ஆஸ்துமா. அவர் மகள்தான் அவரைப் பார்த்துக்கொண்டாள். என்னைவிட மூத்தவள், அக்கா என்று கூப்பிடுவேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று போகும்போதெல்லாம் கேட்டேன். அவருடைய பழைய கவிதைகளை அவருக்கே வாசித்துக் காட்டினேன். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு, “எழுதிக்கோம்மா” என்றார். அவருக்குக் கை நடுங்கும். சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மழை விட்ட தெருவைப் பற்றிய சின்னக் கவிதை.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பாவுக்கு மறுபடி உயிர் குடுத்தது நீதான்.” எனக்கு என் ஆய்வு முடிவுதான் ஞாபகம் வந்தது.

அதை அவள் ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவிட்டாள். நெறியாளர் கூப்பிட்டார்.

“என்னம்மா, உங்க ஆளு மறுபடி ஆரம்பிச்சிட்டாராமே?”

“ஒரு கவிதைதான் சார்.”

“ஒண்ணுன்னா அடிக்குறிப்புல தள்ளிடலாம். புத்தகம் கித்தகம் வந்துச்சுன்னா மொத்த ஆய்வும் போச்சு.”

ஆய்வை முடிக்க எனக்குக் கிடைத்திருந்தது கடைசி நீட்டிப்பு. பட்டம் இல்லாவிட்டால் கல்லூரி வேலையும் நிரந்தரமாகாது. போவதை நிறுத்திப் பார்த்தேன். அவரே போன் செய்தார். “என்னம்மா ஆளையே காணோம்? உள்ள நெறைய சேந்து கெடக்கு.” போனேன். உடம்பைப் பாருங்கள், ஓய்வெடுங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. சொன்னதையெல்லாம் தட்டச்சு செய்து தருவதாக நானே வீட்டுக்குக் கொண்டுபோனேன். எதையும் தட்டச்சு செய்யவில்லை.

அன்று மத்தியானம் அக்கா கண் டாக்டரிடம் கிளம்பினாள். “நீ இருக்கேன்னுதான் தைரியமா போறேன். மூச்சு வாங்குச்சுன்னா இன்ஹேலர் தலமாட்டுல இருக்கு” என்றாள்.

அவர் வரிசையாகக் கவிதைகள் சொன்னார். “இதோட புத்தகம் ஆயிடும், இல்லம்மா?” என்று கேட்டபோது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அடுத்த கவிதை பாதியில் இருக்கும்போது இழுப்பு வந்தது. அவர் கை தலைமாட்டைத் தடவியது. இன்ஹேலரை அதற்கு முன்பே எடுத்து என் கைப்பைக்குள் போட்டிருந்தேன். தவறுதலாக அல்ல. பேனாவை மூடினேன். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் தெரியவில்லை. நான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். நம்பினாள். எழுதிய தாள்களையெல்லாம் கிழித்துப்போட்டேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கடைசி அத்தியாயத்தைப் புகழ்ந்தார். அடிக்குறிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. என் மகள் எழுந்து நின்று கைதட்டினாள்.

பாராட்டு விருந்துக்கு அக்காவும் வந்திருந்தாள். பேனா கேட்டாள். பையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். இன்ஹேலரும் அதிலேயே இருந்தது. தூக்கிப் போட எனக்குத் தோன்றவே இல்லை. அதற்குப் பிறகுதான் அவள் உங்களிடம் வந்திருக்கிறாள்.

பட்டத்துக்காகச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எழுதாமல் இருந்தவரை அவர் நிம்மதியாக இருந்தார். நான் போய்க் கெடுத்தேன், நானே சரிசெய்தேன். கிழித்த கவிதைகளை அக்கா கேட்கிறாள் என்று சொன்னீர்கள். எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தக் கடைசிக் கவிதை, பாதியில் நின்றது, அதுகூட. நல்ல கவிதைதான். ஆய்வுக்குத்தான் பொருந்தவில்லை.