இன்னிக்கே எடுத்தாகணும்

— அழுத்தாம இழுக்கணும்ங்க. அது ரேசர், சப்பாத்திக் கட்டை இல்ல. அதோட கனமே போதும்னு வீடியோல அந்த பெங்காலி அண்ணன் சொல்றார்ல?

— அவருக்கென்ன பூர்ணி, போன்ல இருந்துகிட்டு சொல்லுவாரு. ரத்தம் எனக்குல்ல வரும்.

— அய்யோ! இன்னும் கன்னத்துல வைக்கவே இல்ல, அதுக்குள்ள ரத்தமா? கத்திரியால நறுக்கியாச்சு, சுடுதுணி ஒத்தியாச்சு, நுரையும் போட்டாச்சு. காயறதுக்குள்ள ஆரம்பிங்க.

— எங்க புடிச்ச இதை? எங்கப்பாவை விட மூத்தது போல.

— கல்கத்தாவுல எது கிடைக்காது? பவானிபூர்லதான், பழைய சாமான் கடையில. பிளேடு மட்டும் புதுசு.

— ஒரு ட்ரிம்மர் வாங்கியிருக்கலாம்ல.

— ட்ரிம்மர்ல எடுத்தா முள்ளு முள்ளா நிக்கும். எனக்கு மொழுமொழுன்னு வேணும். எதிர்வீட்டு பௌதி அக்கா நேத்து உங்க தாடியைப் பாத்துட்டு கேக்கறாங்க, உத்தம் என்ன, தாடி வச்ச பாவுல் பாட்டுக்காரங்க மாதிரி ஊர் ஊராப் பாடப் போறாரான்னு. ம், சாய்ச்சுப் புடிங்க. மேலேர்ந்து கீழ. மெதுவா, ஆஸ்தே, ஆஸ்தே.

— சர்ருங்குது.

— முடி வெட்டுப்படற சத்தம். பாருங்க, கன்னம் தெரியுது! இங்க ஒரு மச்சம் இருந்ததே எனக்கு மறந்துபோச்சு.

— போதும் பூர்ணி. மிச்சத்தை இஸ்மாயில் பாய் சலூன்ல எடுத்துக்கறேன்.

— ரெண்டு தடவை அவர் கடை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தீங்க. எனக்குத் தெரியாதா?

— எப்படிப் போறது? நீ உண்டானப்ப அவர்கிட்ட என்ன சொல்லிட்டு வந்தேன்? எங்க ஊர்ல பொண்டாட்டி மாசமா இருந்தா புருஷன் தாடி எடுக்க மாட்டான் பாய், பிள்ளை பொறந்ததும் ஒரு பெட்டி சந்தேஷ் ஸ்வீட்டோட வரேன்னு. இப்ப போனா சந்தேஷ் எங்கன்னுதான் முதல்ல கேப்பாரு.

— அதனாலதான் வீட்டுலயே கத்துக்கச் சொன்னேன்.

— அது மட்டும் இல்ல. இது நம்ம பொண்ணுக்காக வளர்த்தது. அவளுக்குன்னு என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். இதையும் வழிச்சுப் போட்டுட்டா...

— எனக்கு மட்டும் என்ன இருக்கு? ஆறாம் மாசம், துர்கா பூஜைக்கு முன்னாடி, ஆஸ்பத்திரியிலேர்ந்து வெறுங்கையோட வந்தேன். இந்தத் தாடியைப் பாக்கறப்ப எல்லாம் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வருது. குறை சொல்லலைங்க. தாங்க முடியாம சொல்றேன்.

— இத்தனை நாளா ஏன் சொல்லல?

— நீங்க அதைத் தடவிக்கிட்டே தூங்குவீங்க. எப்படிச் சொல்றது?

— அழாத பூர்ணி.

— அழுதா அழுதுட்டுப் போறேன். நீங்க இழுங்க.

— சரி. தாடைக்குக் கீழ எப்படி?

— தலையைத் தூக்குங்க. தோலை நான் இழுத்துப் புடிக்கறேன். ம்... அவ்வளவுதான். நல்லா வருதே!

— எரியுது.

— குட்டியா ஒரு கீறல். இருங்க, படிகாரம் தேய்க்கறேன். காதுக்கிட்ட கொஞ்சம் நிக்குது, அதையும் எடுங்க.

— அது கிடக்கட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம்.

— நாளைக்குக் கூடாது.

— ஏன், நாளைக்கு வெள்ளிக்கிழமையா?

— இல்லைங்க. காலையில டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். அவளுக்கு வளர்த்தது இன்னிக்கு முழுசாப் போகட்டும். நாளையிலேர்ந்து நீங்க இன்னொரு பிள்ளைக்கு வளர்க்கணும்.