ஏழாம் நம்பர் டப்பா

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ரெண்டு மணி பத்து நிமிடம். ஆய்வுக்கூடத்துக்குப் போகிற சாலையில் ஈ காக்கை இல்லை... ஒரே ஒரு சைக்கிள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், பிள்ளைகளா. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? அதற்கு வெயில் நன்றாகவே ஒத்துக்கொள்ளும்.

சைக்கிளில் போனவர் என் சிநேகிதனின் மச்சான். தசமம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். மணி கேட்டால் ரெண்டே கால் என்று வாயில் வராது; ரெண்டு பதினாலு என்பார். வேலை? நிலக்கரியைச் சூடு பண்ணுவது. சிரிக்காதீர்கள், அதற்கும் படிப்பு இருக்கிறது. ஒவ்வொரு சுரங்கத்திலிருந்தும் டப்பாவில் கரிப்பொடி வரும். சின்னப் பீங்கான் தொட்டியில் போட்டு, காற்றுப் புகாத உலைக்குள் தள்ளிச் சூடேற்றுவார். வெளியே வருகிற வாயு, ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீர் பாட்டிலுக்குள் போய்க் குமிழ் விடும். ஒரு ரகம், சூடு பட்டதுமே தண்ணீராக அழும். ஒரு ரகம் முந்நூற்றைம்பது டிகிரியில் தார் கக்கும். இன்னொன்று அறுநூறு தாண்டினாலும் வாயைத் திறக்காது, என் மாமனார் மாதிரி.

நிறைய வாயு விடுகிற கரியின் தூசி, ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அதனால் சுரங்கத்துக்குள் அதன்மேல் கல்பொடி தூவ வேண்டும். வாயு கம்மி என்று தசமம் எழுதிக் கொடுத்தால்... தூவ வேண்டாம்.

ஏழாம் நம்பர் சுரங்கத்து டப்பா வந்த அன்றைக்கு, ஏற்கெனவே வெந்து கிடந்த தொட்டியைப் புதுசு என்று நினைத்து மறுபடி உலைக்குள் தள்ளிவிட்டார். ஒருதடவை வெந்த கரி திரும்ப என்னத்தை விடும்? பேருக்கு நாலு குமிழ். அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வெளியே சீட்டாட்டத்துக்கு மூன்று பேர் காத்திருந்தார்கள். ‘வாயு ஏழு புள்ளி இரண்டு சதவீதம். அபாயமில்லை.’ கையெழுத்து.

நாலாவது மாதம் சுரங்கம் வெடித்தது. உள்ளே பத்தொன்பது பேர். தீ அணைய வேண்டுமே... காற்றை நிறுத்த, வாசலை சிமெண்டு போட்டு அடைத்தார்கள். அடைத்த பிறகும் உள்ளேயிருந்து யாரோ தண்ணீர்க் குழாயில் தட்டினார்கள். டங்... டங்... டங். ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று. ஒன்றரை நாள்.

விசாரணைக்காரர்கள் திங்கள் காலை வருகிறார்கள். அவர்கள் கண் முன்னால் அதே டப்பாவை மறுபடி சோதித்துக் காட்ட வேண்டும். அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள். மிச்சமிருந்த பொடியை முன்னாடியே வேகவைத்து, சக்கையாக்கி, திரும்ப டப்பாவில் போட்டுவிட்டால்? நாளைக்கும் ஏழு புள்ளி இரண்டு. தலை தப்பியது.

“என்ன சார், லீவு நாள்ல?” என்றான் வாட்ச்மேன்.

“கொஞ்சம் சமையல் வேலைப்பா. கதவை யாரும் தட்டக் கூடாது.”

யாரும் தட்டவில்லை. வெளியிலிருந்து.

மற்றதெல்லாம் அவர் நோட்டில் இருந்தது. பத்து கிராம் பொடி. 2.40, உலை நானூறு டிகிரி, குமிழ் வருகிறது. 2.52, குமிழ் மூன்று மூன்றாக வருகிறது. 3.30, வெளியே எடுத்து நிறுத்தேன். பத்து கிராம். குறையவில்லை.

“அதெப்படித் தாத்தா? வாயு வெளியே போனா எடை குறையணுமே?”

“அதைத்தாம்மா அவரும் எழுதியிருக்கார். ‘பின்னே எதிலிருந்து போகிறது?’ன்னு.”

4.20, மறுபடி பத்து கிராம். நாக்கு வறள்கிறது. 5.05, பத்து கிராம். மோதிரம் விரலிலிருந்து தானாக நழுவி விழுந்தது. தார் வாடை... என் சட்டைக்குள்ளிருந்து வருகிறது. 5.38, தாழ்ப்பாள் கொதிக்கிறது, தொட முடியவில்லை.

அதோடு எழுத்து நின்றது. ஆறு மணிக்கு உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற சத்தம் வாட்ச்மேனுக்குக் கேட்டது. மூன்று. நிறுத்தம். மூன்று. யாரும் தட்டக் கூடாது என்றால், சொன்னவரே தட்டலாமா கூடாதா... அவனுக்குக் குழப்பம். பாவம், விடிகிற வரை குழம்பிக்கொண்டே இருந்தான்.

காலையில் கதவை உடைத்தார்கள். உலை சில்லென்று இருந்தது. தசமம் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே... உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. கறுத்து, சுருங்கி, விரலால் தட்டினால் ‘ணங்’. வெள்ளிக்கிழமைதான் முற்றத்தில் மூட்டை நிறுக்கிற தராசில் விளையாட்டாக ஏறி நின்றிருந்தார், எழுபத்தைந்து கிலோ. அதே தராசில் இப்போது நாற்பத்தெட்டு. விசாரணைக்காரர் ஒருவர் பேனாவை எடுத்து வகுத்துப் பார்த்தார். முப்பத்தாறு சதவீதம் போயிருந்தது.

அப்புறம் முறைப்படி டப்பாப் பொடியைச் சோதித்தார்கள். முப்பத்தாறு. புள்ளிக்கு அப்புறம் பூஜ்யம்.

பெட்டியில் வைத்து ஆணி அடித்தாயிற்று. கனமே இல்லை, நாலு பேர் போதும். பாதி வழியில் பெட்டிக்குள்ளிருந்து... டொக். டொக். டொக். நிறுத்தம்.

“ஐயோ! திறந்து பாத்தாங்களா தாத்தா?”

நாலு பேருக்கும் கேட்டது. முன்னால் தூக்கின ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடை மட்டும் கொஞ்சம் வேகமானது.

எனக்கு எப்படித் தெரியும் என்றா? பின்பக்கம் இடது கைப்பிடி என்னுடையது. ஏழாம் நம்பரில் என் தம்பியும் இருந்தான்.

மண்ணைத் தள்ளிவிட்டு மற்றவர்கள் போய்விட்டார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சாப்பாட்டைக்கூட அங்கேயே வரவழைத்துக்கொண்டேன்... ஒன்றரை நாள்தான் கேட்டது.