தோரணமாக ஓடிய வரி

பனியை நான் கண்ணால் பார்த்ததில்லை, மேடம். நம் கானா வெயிலில், இந்த அக்ராவில் பிறந்து அக்ராவிலேயே ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது. பனிக்கட்டி என்றால் எனக்கு மீன் பெட்டியில் கொட்டுவதுதான். இருந்தாலும் முப்பது டிசம்பர்களாக எழுத்துகளின் தலையில் பனியை ஏற்றி வைப்பதுதான் என் பிழைப்பு. துணிக்கடைக்காரர், கோழி விற்பவர், எல்லோரும் வேர்த்துக் கொட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்து, "பனி நிறைய போடுப்பா" என்பார்கள். நானும் போடுவேன்.

என் பெயர் க்வாமெனா எஸ்ஸெல். லார்ட்டேயின் அச்சகத்தில் வடிவமைப்பாளர். நான்கு நாளாக நீங்கள் உள்ளே வைத்திருக்கும் மவூசி என் பக்கத்து மேஜைக்காரி. அந்த ஜெனரேட்டர் விளம்பரத் தாளில் அவள் செய்ததில் ஒரு தவறும் இல்லை. அவளை விட்டுவிடுங்கள். செய்தது நான். எப்படி, ஏன் என்று நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. பண்டிகை எழுத்து தலைப்புக்கு மட்டும்தான். இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று. ஆட்கள் படித்தே ஆக வேண்டிய விஷயத்தை வெற்று எழுத்தில்தான் போட வேண்டும், பூ, மணி, சுருள் எதுவும் இல்லாமல். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரமே எல்லோருக்கும் தெரிந்துவிடும் சங்கதி இது. எனக்கும் நன்றாகத் தெரியும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பேச்சில் கிறிஸ்துமஸுக்கு புரோன்யா என்று பெயர். நான் சொந்தமாக வரைந்த எழுத்துருவுக்கும் அதையே வைத்தேன். மூன்று வருட வேலை. ஒவ்வொரு எழுத்தின் முதுகிலும் பனி, வயிற்றில் ஒரு மணி, வால் நுனியில் செம்பருத்தி. அடுத்த எழுத்து வந்து சேரும்போது இரண்டு வால்களும் பின்னிக்கொள்ளும். அந்தப் பின்னலைச் சரிசெய்ய மட்டும் ஏழு மாதம் ஆனது. என் மனைவி பிரிந்து போன வருடம் அது; சொல்லப்போனால் அவள் போனதைவிட அந்தப் பின்னல்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அக்டோபரில் ஜெனரேட்டர் கம்பெனியின் மேலாளர் குவார்கூ வந்தார். கரண்ட் வந்து வந்து போகிற காலம். வீட்டுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர், கிறிஸ்துமஸ் சலுகை, அதற்கு ஒரு தாள். நானும் மவூசியும் ஆளுக்கொரு மாதிரி செய்தோம். என்னுடையதில் தலைப்பு புரோன்யாவில் இருந்தது.

குவார்கூ தாளைத் தூக்கிப் பிடித்தார். "எஸ்ஸெல், இது எழுத்தா, இல்ல எவனாச்சும் சாலட் தட்ட கவுத்துட்டானா?"

லார்ட்டே விழுந்து விழுந்து சிரித்தார். மவூசி சிரிக்கவில்லை. "அங்கிள், அழகா இருக்கு. ஆனா படிக்க முடியலையே" என்று மெதுவாகச் சொன்னாள். அவர்கள் சிரித்ததை நான் மறந்துவிட்டேன். இவள் இரக்கப்பட்டதுதான் இன்னும் எரிகிறது.

அவளுடையதே தேறியது. எங்கிருந்தோ இறக்கிய ஒரு சிவப்புக் கொழுத்த எழுத்தில் தலைப்பு, மற்றதெல்லாம் வெறுமையாக. அடியில் ஒரு கறுப்புக் கட்டம் போட்டு அதற்குள் எழுதியிருந்தாள்: 'வீட்டுக்குள் வைத்து ஓட்டாதீர்கள். புகைக்கு மணம் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும்.'

"பண்டிகைத் தாள்ல சவப்பெட்டி மாதிரி இருக்கேம்மா" என்றார் குவார்கூ.

"இருக்கட்டும் சார். சின்ன வீட்டுக்காரங்க திருட்டுக்குப் பயந்து மெஷின உள்ளதான் வைப்பாங்க. படிச்சா வைக்க மாட்டாங்க" என்றாள். அவர் முனகிக்கொண்டே சம்மதித்தார்.

எங்கள் ஊரில் சனிக்கிழமை என்றால் சாவுச் சடங்குதான். மவூசியின் அத்தைக்கு ஹோ ஊரில் சடங்கு. வெள்ளிக்கிழமையே கறுப்புத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தாளை அச்சுக்கு அனுப்பும் வேலை என்னிடம் வந்தது. நான் குவார்கூவை அழைத்தேன்.

"அந்தக் கறுப்புக் கட்டம் உங்களுக்கு உறுத்துதுல்ல?"

"உறுத்துதுதான். ஆனா எடுத்துடாதய்யா, சட்டம் கேக்குது. வேணா கொஞ்சம் அழகு பண்ணு."

"ஒரு வார்த்தைகூட குறையாது, சார்."

குறையவும் இல்லை. அந்த மூன்று வாக்கியங்களையும் புரோன்யாவில் கோத்து, பச்சைமேல் சிவப்பாக, தாளின் நான்கு ஓரத்தையும் சுற்றி ஓடவிட்டேன். ஒன்றோடொன்று வால்கள் பின்னி, மணிகள் தொங்கி, தோரணம் போல வந்தது. மேடம், அதைப் பார்த்து நான் அழுதேன். அப்படி ஒரு வேலை என் கையிலிருந்து அதற்கு முன் வந்ததில்லை.

அனுப்பும் முன் ஒரு மாதிரிப் படியை எடுத்துக்கொண்டு எதிர்க்கடை டேடே அக்காவிடம் போனேன். சோள மாவுக் கெங்கே விற்பவள்; கண்ணாடி இல்லாமல் பைபிள் வாசிப்பாள்.

"அய்யோ, என்ன அழகு இந்தப் பூமாலை!" என்றாள்.

"அதுல என்ன எழுதியிருக்கு அக்கா?"

"எழுத்தா? எங்க? போய்யா, காலங்காத்தால என்னை வெச்சு விளையாடுறே." ஒரு கெங்கே உருண்டையை இலையோடு கையில் வைத்து அனுப்பினாள்.

ஆக, எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தக் கெங்கேயை மிளகாய் அரைத்து வைத்துச் சாப்பிட்டுவிட்டு, முப்பதாயிரம் தாள் அச்சுக்குக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மவூசி திரும்பி வந்து ஒரு தாளை எடுத்தாள். முதலில் கட்டத்தைத் தேடினாள். அப்புறம் ஓரத்தில் விரல் வைத்து எழுத்துக்கூட்டினாள்.

"அங்கிள், உயிர் போகும்ங்கறத பூ வெச்சு எழுதியிருக்கீங்களே! நிறுத்துங்க. மொதல்ல இத நிறுத்துங்க."

"எல்லாம் போயாச்சும்மா" என்றேன். போகவில்லை. கட்டுகள் பின்னறையில்தான் இருந்தன; புதன்கிழமைதான் வண்டி வந்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. அன்றே அந்த எச்சரிக்கையை வெற்று எழுத்தில் கறுப்பு ஸ்டிக்கராக அடித்தாள். கடைகளுக்கு அனுப்பி ஒவ்வொரு தாளிலும் ஒட்டச் சொல்லும்படி என்னிடம் கொடுத்தாள். "மறந்துடாதீங்க அங்கிள், கையெடுத்துக் கும்பிடுறேன்" என்றாள். நான் மறக்கவில்லை. ஆனால் அந்த ஸ்டிக்கர் எங்கே ஒட்டும், யோசித்துப் பாருங்கள். கீழ் ஓரத் தோரணத்தின் மேலேயே ஒட்டும். ஸ்டிக்கர்கள் எல்லாம் என் மேஜைக்கு அடியில் ஒரு பால்பவுடர் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நம் ஊர் மதீனாப் பக்கம் ஒரே அறையில் மூன்று பேர் எழுந்திருக்கவில்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். அப்பா, இரண்டு பெண் குழந்தைகள். அம்மா ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போயிருந்ததால் தப்பித்தாள். அவள் பெயர் அக்வேலே. சடங்குப் போஸ்டர் அடிக்க அவள் எங்கள் அச்சகத்துக்கே வந்தாள். அந்தத் தாளைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். நான்கு முனையிலும் பசை காய்ந்திருந்தது.

"செவத்துல ஒட்டியிருந்தோம் அண்ணே. மாலை மாதிரி இருக்குன்னு புள்ளைங்கதான் ஒட்டுச்சு" என்றாள். அப்புறம், "என் வீட்டுக்காரர் நிதானமான மனுஷன். மெஷினோட வந்த புத்தகம் சீன பாஷையில இருந்துச்சு. நம்ம பாஷையில எழுதியிருந்தா படிச்சிருப்பார்" என்றாள்.

நான் தேதியும் இடமும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். வயதானவர் போனால் 'மகிமைக்கு அழைப்பு' என்று போடுவோம். சின்ன வயதென்றால் 'என்ன ஒரு அதிர்ச்சி'. மூன்று படத்துக்கும் மேலே அதையே போட்டேன். வெற்று எழுத்தில், கறுப்பில், பெரிதாக. சாவு விஷயம் பாருங்கள், வருகிறவர்கள் தப்பாகப் படித்துவிடக் கூடாது. அக்வேலே என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

அவள் தம்பி ஒரு பூதக்கண்ணாடியை வைத்து அந்த ஓரத்தைப் படித்த பிறகுதான் விஷயம் உங்களிடம் வந்தது. தாளின் மூலையில் வடிவமைப்பு மவூசி என்று இருந்தது. அவள் முதலில் போட்டது, நான் எடுக்கவில்லை. பொடி எழுத்துதான், ஆனால் வெற்று எழுத்து. உங்கள் ஆட்களால் சுலபமாகப் படிக்க முடிந்தது.

ஏன் நான்கு நாள் கழித்து வந்தாய் என்று கேட்டீர்கள். ஒரு பாவமும் அறியாத பெண் உள்ளே இருக்கிறாளே என்று மனம் கேட்கவில்லை. அதுதான் காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவள் என்னை அங்கிள் என்று கூப்பிடுகிறவள்.

இன்று காலைப் பத்திரிகை பார்த்தீர்களா? முதல் பக்கத்தில், தோரணத்தின் ஒரு துண்டைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். பனி, மணி, செம்பருத்தி, அந்தப் பின்னல், எல்லாம் நன்றாகவே விழுந்திருக்கிறது. தெருவில் நின்று பத்துப் பேர் பார்த்தார்கள். யாரோ ஒருவர், "கொலைகாரி, ஆனா என்ன கைவேலை" என்றார். கீழே என்ன போட்டிருக்கிறது தெரியுமா? 'மவூசி வரைந்த எழுத்து.'

மேடம், அவளுக்கு ஒரு வளைவு ஒழுங்காக வராது. அந்தப் பின்னலை அவள் ஏழு ஜென்மம் எடுத்தாலும் போட மாட்டாள். அதைப் படித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக இங்கேதான் வந்தேன்.

நீங்கள் எழுதியதைக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பத்திரிகைக்குத் தரும்போது என் பெயரை மட்டும் வெற்று எழுத்தில் போடச் சொல்லுங்கள். க்வாமெனா எஸ்ஸெல். எல்லோரும் படிக்க வேண்டும்.