பணம் ஒன்றானது, பட்டறை ஏலமானது

மாலையும் கழுத்துமாய் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! மேடை கொள்ளாமல் நிறைந்திருக்கும் பொருளாதார மேதைகளே! என்னிடம் நூலும் பொத்தானும் வாங்கும் தையல் பட்டறை முதலாளிகளே! பெரியோர்களே! பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் காத்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் இந்த நூல்கடைக்காரியின் வணக்கம்.

ஐந்து நாடுகள் ஒரே பணத்துக்கு மாறிய ஆண்டு விழாவாம். வாழ்த்திப் பேச என்னை அழைத்தார்கள். வாழ்த்திவிட்டால் போயிற்று!

"நிலைத்தன்மை, நிலைத்தன்மை" என்று மேதை அவர்கள் தொண்டை வறள முழங்கினார். உண்மைதான் ஐயா! பணம் ஆடவில்லை. பங்குச்சந்தை அசையவில்லை. வங்கியின் கண்ணாடிக் கதவில் கீறல்கூட விழவில்லை. அல்லாடுவது யார்? தையல் பட்டறை வைத்திருக்கிற என் அக்கா!

"புதுப்பணத்தில் வட்டி குறைவு, கடன் வாங்குங்கள், இயந்திரம் வாங்குங்கள்" என்று இதே மேடையில் கூவியது நம் சங்கம். "வட்டி ஏறினால்?" என்று கேட்டேன். "நல்ல காரியத்துல வாய வைக்காதம்மா" என்றீர்கள். கைதட்டிவிட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டீர்கள்; என் அக்காவும் போட்டாள்.

பிறகு என்ன ஆயிற்று? ஐவரில் பெரியண்ணன் நாட்டில் வீட்டு விலை கொதித்தது. அதை அடக்க வட்டியை ஏற்றினார்கள். ஒரே பணம் அல்லவா? இங்கேயும் ஏறியது! இங்கே என்னய்யா கொதித்தது? தைக்கத் துணி வராமல் பட்டறைகள் ஈ ஓட்டுகின்றன! காய்ச்சல் அவனுக்கு, கசப்பு மருந்து நமக்கு! வட்டியைத் தீர்மானிக்கும் சபையில் நமக்கும் ஒரு பிரதிநிதி உண்டாம். நாற்காலி உண்டு, நாக்கு உண்டா?

யாரது, "நேரமாச்சு, முடிங்க"ன்னு சத்தம் போடறது? உட்காருங்க அண்ணே! ஏறின வட்டியக் கட்ட முடியாம, திங்கட்கிழமை எங்க அக்கா இயந்திரமெல்லாம் ஏலத்துக்குப் போகுது. நாலு வார்த்தை பேசிட்டுத்தான் இறங்குவேன்.

நம் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் பொருள் ஏலத்துக்கு வந்தால், மற்ற உறுப்பினர் யாரும் ஏலம் கேட்கமாட்டோம். கேட்க ஆளில்லை என்றால் வங்கி தானாக இறங்கிவந்து தவணை பேசும். அப்படித்தான், தலைவர் அவர்களே, உங்கள் பட்டறையே ஒருமுறை தப்பியது. அன்று ஏல வாசலில் எட்டிப் பார்க்காதவர்களில் என் அக்காவும் ஒருத்தி.

முந்தாநாள் தலைவரின் மகன் அக்கா பட்டறைக்கு வந்தார். ஒவ்வொரு இயந்திரமாக மிதித்துப் பார்த்தார். "அக்கா, இதுல எது நல்லா ஓடும்?" என்று கேட்டார். கேட்கிறார், அவளிடமே கேட்கிறார்!

"எல்லாம் ஓடும் தம்பி. மூணாவதுக்கு மட்டும் அடிக்கடி எண்ணெய் விடணும்" என்றாள் அக்கா. அவர் போனபிறகு உள்ளே போய் அழுதாள்.

எங்கோ இருக்கும் சபையை ஏசி என்ன பயன்? அங்கே இருப்பவனுக்கு நம் முகம் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே! அவன் வட்டியை ஏற்றிப் பட்டறையைப் பூட்டவைத்தான் என்றால், நீங்கள் அள்ளிக்கொண்டு போகலாமா?

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். மைக்கைத் தலைவர் கையிலேயே தருகிறேன். "நான் ஏலம் கேட்கமாட்டேன்" என்று ஊரறியச் சொல்லட்டும்.

பிடியுங்கள் ஐயா. என்ன, கனக்கிறதா?