ஸ்கேனில் ஒன்றும் இல்லை

திருச்செந்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி, எதிர் சீட்டு ஜன்னலில் சாய்ந்திருந்த கணவரைக் காட்டினாள்.

“போன சஷ்டி விரதத்தன்னைக்கு இவுகளுக்கு வாய் கோணி, கை விழுந்துட்டு. பதறிப்போயி தலைய ஸ்கேன் எடுத்தா ஒண்ணுமே இல்ல! சுகர் கொறஞ்சிருக்குன்னு குளுக்கோஸ் ஏத்துனாவ. எந்திச்சு உக்காந்துட்டாவ.”

“அம்மாடி!”

“முருகன்தான் காப்பாத்துனான். அதுக்குத்தான் இன்னைக்கும் பட்டினி கெடக்காவ.”

“ஏளா, சுகர் மாத்திரை?”

“அத விடுவேனா? காலையிலயே குடுத்துட்டேன்.”

“ஏ பாவி! வெறும் வயித்துல அந்த மாத்திரை போட்டுத்தான்ளா அன்னைக்கும் விழுந்திருக்காவ!”

மற்றவள் எழுந்து போய், “அண்ணாச்சி, அண்ணாச்சி!” என்று தோளைத் தொட்டாள்.

அவர் மடியிலிருந்த கை நழுவித் தொங்கியது.