விளக்கின் உறை கழற்ற ஒரு வளவு

மார்கழிக் குளிர் கதவைத் தட்ட, மனத்தின் கனலோடு இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெருமக்களே! சொல்லைவிடச் செயலையே தோளில் சுமக்கும் எங்கள் சங்கத் தலைவர், மாண்புமிகு செல்வராசா ஐயா அவர்களே! செபத்தோடு இந்த ஒளிவிழாவைத் தொடக்கிவைத்த அருட்தந்தை பென்ஜமின் அடிகளாரே! கொலோன் நகரின் பனியில் முதன்முதல் வழுக்கி விழுந்து, பின்னால் வந்த எங்களுக்கு விழாமல் நடக்கச் சொல்லித்தந்த மூத்தோரே! வீட்டு அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற விசாரத்தோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் அன்னையரே! எப்போது சாப்பாடு என்று கண்ணாலேயே கேட்கும் இளையோரே! மடு மாதாவின் நிழலில் நின்று உங்கள் அனைவரையும் வாழ்த்தி வணங்குகிறேன்.

நான் புஷ்பமலர். அம்புறோசின் மனைவி. மேடைக்குப் பழகிய நாக்கு இல்லை எனக்கு. செபமாலைக்குப் பழகிய நாக்கு. கல்லூரி வாசலைக் கண்டவள் இல்லை; பிள்ளைகள் படித்து முடித்த புத்தகங்களைப் பிறகு எடுத்துப் படித்தவள். பிழை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளியே, இந்த மண்டபத்து வளவின் வாசல் படலைக்கு அப்பால், வாகனத்தின் பின்னால் பூட்டி இழுக்கும் ஓர் இழுவையின்மேல் ஒரு கார் நிற்கிறது. கறுப்பு உடல், வெள்ளைக் கதவு, தலையில் ஒரு கறுப்பு உறை. எழுபதுகளில் அமெரிக்க வீதிகளில் ஓடிய பொலிஸ் கார். பிளிமத் என்று பெயர். அதை இந்த வளவுக்குள் விடுவதா, வந்த வழியே திருப்பி அனுப்புவதா? இதுதான் கேள்வி. நிர்வாகக் குழு கூடிக் கூடிப் பேசியும் முடிவு வரவில்லை. “நீங்களே மேடையிலை சொல்லுங்கோ அக்கா, சனம் தீர்மானிக்கட்டும்” என்று தலைவர் என்னை ஏற்றிவிட்டார்.

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள்! நானும் சிரித்தவள்தான். இந்தக் கார் பிரேமர்ஹாவன் துறைமுகத்தில் வந்து இறங்கிய அன்று நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“இஞ்சாருங்கோ, பொலிசிட்டைப் பிடிபடாமல் இருக்கத்தானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்? இப்ப காசு குடுத்துப் பொலிஸ் காரை வீட்டுக்குக் கொண்டு வாறியளோ?”

அவர் கோபிக்கவில்லை. “நீ ஒருக்கா ஏறி இரு. பிறகு கதை” என்றார்.

வீட்டுக் கணக்கைச் சதம் பிசகாமல் எழுதுகிறவள் நான். எண்ணெய்க்கு ஒரு பத்தி, சில்லுக்கு ஒரு பத்தி, பூச்சுக்கு ஒரு பத்தி. ஆனால் ஏக்கத்துக்கு எந்தப் பத்தி? அதை வரவில் வைப்பதா, செலவில் வைப்பதா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஏக்கம் எங்கே தொடங்கியது? சொல்கிறேன்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதிகளுக்கான விடுதியில் இருந்தோம். ஹைம் என்று சொன்னாலே மூத்தோருக்கு அந்தச் சூப்பு மணக்கும்! பொது அறையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அதில் அமெரிக்கப் படங்கள் ஜேர்மன் மொழி பேசிக்கொண்டு ஓடும். அமெரிக்கனும் எங்களுக்கு விளங்கவில்லை, ஜேர்மன்காரனும் விளங்கவில்லை. கார் மட்டும் விளங்கியது.

ஒரு படத்தில், தனியே இருக்கும் ஒரு தாய் தொலைபேசியை எடுக்கிறாள். இரண்டு வார்த்தை பேசுகிறாள். சிவப்பும் நீலமும் சுழலச் சுழல, தெருவெல்லாம் ஒளி தெறிக்க, அந்தக் கார் வருகிறது. இறங்கியவன் தொப்பியைக் கழற்றுகிறான். ‘அம்மா, என்ன நடந்தது?’ என்று கேட்கிறான் போலும். அவ்வளவுதான் காட்சி. என் பக்கத்தில் இருந்த அம்புறோசைப் பார்த்தேன். கதிரையின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருந்தார்.

“என்னப்பா?”

“கூப்பிட்டவுடனை வருகுது பார், புஷ்பம்.”

“படந்தானே.”

“ஓம், படந்தான். எண்டாலும் வருகுது.”

சபையோரே! கூப்பிடாமல் வந்த வாகனங்களை நாம் அறிவோம். கும்பிடக் கும்பிட நிற்காமல் போன வாகனங்களை நாம் அறிவோம். பெற்றவள் பின்னால் ஓட, புழுதியை மட்டும் அவள் முகத்தில் விட்டுப்போன வாகனங்களை நாம் அறிவோம். கூப்பிட்டதும் வந்த வாகனத்தை நம்மில் யார் அறிவோம்? ஏழை கூப்பிட்டு, எளியவள் கூப்பிட்டு, என்ன மொழி, என்ன மதம் என்று கேளாமல் வந்து, வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றிய வாகனத்தை யார் அறிவோம்? அந்த ஏக்கத்துக்குத்தான் நான்கு சில்லும் ஒரு சுழல் விளக்கும் பூட்டினார் என் கணவர்.

பிறகு அவருக்குக் கார்களுக்கு வர்ணம் பூசும் பட்டறையில் வேலை கிடைத்தது. அங்கே மேற்பார்வையாளர் வெர்னர். அவரும் இந்தக் கார்ப் பைத்தியம். அமெரிக்கப் படைமுகாம் இருந்த ஊரில் வளர்ந்தவர். சின்ன வயதில் சந்தையில் தாயைத் தவறவிட்டு அழுதபோது, முகாமின் ரோந்துக் கார் ஒன்று அவரை முன்னிருக்கையில் ஏற்றி, வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டதாம். அந்த இருக்கையின் மணத்தை இன்றும் தேடுகிறேன் என்பார். ஒருவருக்கு வந்த கார். மற்றவருக்கு வராத கார். இரண்டு ஏக்கமும் ஒன்றுசேர்ந்து வாங்கியதுதான் வெளியே நிற்கும் அந்த ஒற்றைக் கார்!

வாங்கிய சந்தோசத்தில் என்ன செய்தோம்? நாம் செய்வதைத்தான் செய்தோம். சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். நம் அயலவர் ஞானசுந்தரம் அண்ணை, தன் பங்குக்குத் தேசிக்காயைச் சில்லின் கீழே வைத்து, வெள்ளைக் கதவில் சந்தனம் குழைத்துப் பூசி, நடுவே பெரிய குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார். வெர்னர் வாளித் தண்ணீரோடு அலறிக்கொண்டு ஓடிவந்தார். தேய்த்தார், துடைத்தார், தலையில் கைவைத்தார். எத்தனையோ ஆண்டு அமெரிக்க வெயிலுக்கும் மழைக்கும் மங்காத வெள்ளை, எங்கள் குங்குமத்துக்குத் தோற்றுப்போனது!

அம்புறோஸ் மெல்லச் சொன்னார்: “அண்ணை, பழைய கார் வைச்சிருக்கிற ஆக்களுக்கு முதல் அடிச்ச பெயின்ற் எண்டால் கோயில் மாதிரி. தொடக்கூடாது.”

அண்ணை விட்டாரா? “நானும் கோயில் எண்டு நினைச்சுத்தானே பொட்டு வைச்சனான்!”

அதோ, அண்ணை கையை ஆட்டுகிறார். “இப்பவும் வைப்பன்” என்கிறார். வேண்டாம் அண்ணை, வெர்னரும் வெளியேதான் நிற்கிறார். வயது போன மனிதர்.

இனி அந்தக் கறுப்பு உறைக்கு வருகிறேன். இந்த நாட்டுச் சட்டப்படி, பொதுவீதியில் இப்படியான காரின் விளக்குகள் எரியக்கூடாது. எரியாவிட்டாலும் தெரியக்கூடாது. மூடிக்கட்ட வேண்டும். கதவில் இருக்கும் பொலிஸ் நட்சத்திரத்தையும் மறைக்க வேண்டும். நியாயந்தானே? உண்மைப் பொலிஸ் என்று எண்ணி ஒருவரும் ஏமாந்துவிடக் கூடாது. அந்த உறையைத் தைத்தவள் நான். பழைய சன்னல் திரையில், விளிம்புக்கு இலாஸ்ரிக் வைத்து, என் கையால் தைத்தேன்.

அப்படியானால் அதை எங்கே கழற்றுவது? வேலி போட்ட தனியிடத்தில் மட்டும். இந்தக் கார்களை நேசிப்பவர்களுக்கு அப்படி ஒரு பழைய விமானத்தளம் இருந்தது. கோடை தோறும் கூடுவார்கள். பேக்கரிக்காரர் வருவார், பல் வைத்தியர் வருவார், பேருந்து ஓட்டுபவர் வருவார். ஃபோர்டு வரும், டொட்ஜ் வரும், செவ்ரோலே வரும். எல்லாக் காரும் முக்காடு போட்ட மணப்பெண் போல வரும்! பகல் முழுவதும் ஒரே வாய்ச்சண்டை. உன் கண்ணாடி புதிது, என் சில்லு வளையம் அந்தக் காலத்தது என்று. மாலையானதும் ஒருவர் கையைத் தூக்குவார். எல்லா உறையும் ஒன்றாகக் கழலும். எல்லா விளக்கும் ஒன்றாகச் சுழலும். பிறகு ஒரு சத்தமும் இராது. நற்கருணை ஆசீர் நேரத்து மௌனம் எப்படியோ, அப்படி ஒரு மௌனம். பழைய இரும்பைப் பார்த்தா அந்தப் பெரிய மனிதர்கள் கண் கலங்கினார்கள்? தம்மைக் காக்க யாரோ வருகிறார்கள் என்று நம்பிய ஒரு காலத்தைப் பார்த்துக் கலங்கினார்கள்.

அந்தத் தளம் இப்போது இல்லை. வீடுகள் கட்ட எடுத்துவிட்டார்கள். வெர்னரின் கொட்டகையோ வீதியோரம். அங்கே விளக்கைப் போட்டால் வெளிச்சம் தெருவில் விழும். அந்தக் கொட்டகையையும் புத்தாண்டோடு விட்டுக்கொடுக்க வேண்டும். வேறு இடம் தேடித் தேடிக் களைத்துவிட்டோம். கார் வடக்கே ஹம்பேர்க்கில் ஒரு சேகரிப்பாளரிடம் போகிறது. பேசி முடித்தாயிற்று. போகுமுன் என் கணவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“புஷ்பம், வெள்ளைக்காரச் சனம் எல்லாம் பாத்திட்டுது. எங்கட சனம் ஒருக்காலும் பாக்கேல்லை. எங்கட சனத்துக்கு முன்னாலை ஒருக்கா அந்த லைற்றைப் போட வேணும்.”

வேலி போட்ட தனியிடம் இந்த வளவுதான்; அதற்காகத்தான் இன்று வெளியே நிற்கிறார். பனி உருக வீதியில் உப்புப் போட்டிருக்கிறார்கள், கார் துருப்பிடிக்கும் என்று இழுவையில் ஏற்றி வந்திருக்கிறார். மன்னார்க் கடலின் உப்பில் பிறந்து வளர்ந்த மனிதர், கொலோன் வீதியின் உப்புக்குப் பயப்படுகிறார்!

ஆனால் உறவுகளே, எதிர்ச்சொல் இல்லாமலா இருக்கும்? முதல் எதிர்ச்சொல் என் வீட்டுக்குள்ளேயே பிறந்தது. என் மகள் சாண்ட்ரா கேட்டாள்: “அம்மா, அந்த நாட்டிலையே இந்தக் காரைக் கண்டு நடுங்கின சனம் இருக்குது. இப்பவும் இருக்குது. அது உங்கட கதையிலை எங்கை?”

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர்தான் மறுமொழி சொன்னார். “ஓம் பிள்ளை. நீ சொல்லுறது சரி. நான் கண்டது படத்திலை வந்த கார். உண்மையிலை அப்பிடி ஒரு கார் எங்கையும் ஓடிச்சுதோ தெரியாது. ஓடியிருக்க வேணும்.”

ஓடியிருக்க வேணும்! அன்னையரே, இதைவிட நீளமான செபம் ஒன்றை நான் படித்ததில்லை.

இரண்டாவது எதிர்ச்சொல், இதோ முன்வரிசையில் இருக்கும் சுலோஜனா அக்காவின் சொல். அவவின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அக்காவின் தம்பி பேக்கரியில் பாண் வாங்கப் போனவர், பட்டப்பகலில், சந்தியில், சீருடைக்காரரின் ஜீப்பில் ஏற்றப்பட்டார். அதன் பிறகு அவர் எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை. குழுக்கூட்டத்தில் அக்கா சொன்னது இதுதான்: “எனக்கு அம்புறோசிலை கோபமில்லை. அப்பிடியொரு வாகனம் எங்கட பிள்ளையள் விளையாடுற வளவுக்குள்ளை வாறதைப் பாக்க எனக்கு ஏலாது.”

யார் மறுத்துப் பேச முடியும்? என் நாக்கு எழுமா? உங்கள் கை எழுமா? ஒரே உருவத்தைப் பார்த்து ஒருவர் ஏங்குகிறார், ஒருவர் நடுங்குகிறார். இரண்டும் ஒரே காயத்தின் இரண்டு கரை அல்லவா?

ஆகவே, தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும். வாக்கெடுப்பு வேண்டாம். கை எண்ணித் தீர்க்கும் காரியம் இது இல்லை. இந்தச் சபையில் ஒருவர் சொன்னால் போதும். மேடைக்கு ஏறுமுன் என் கணவரும் அதையே சொன்னார்: “அக்கா வேண்டாமெண்டால் நான் உறையைக் கழட்டாமல் திருப்பிக்கொண்டு போறன். மனவருத்தம் இல்லையெண்டு சொல்லு.” மனவருத்தம் இல்லை என்று சொன்ன வாய் கோணிக்கொண்டது. அதையும் நான் பார்த்தேன்.

சுலோஜனா அக்கா, உங்களைக் கேட்கிறேன். வேண்டாம் என்றாலும் நீங்கள் எங்கள் அக்காதான்.

கொஞ்சம் அமைதி, கொஞ்சம் அமைதி. அக்கா எழும்புகிறா.

“புஷ்பம், ஒண்டு கேக்கிறன். அந்தக் காரின்ரை பின்கதவு உள்ளுக்கை இருந்து திறக்குமோ?”

மாதாவின் முன்னால் நின்று மறைத்துப் பேச ஏலாது அக்கா. திறக்காது. ஏற்றப்பட்டவர் தானாக இறங்கக்கூடாது என்று செய்த கார் அது. உள்பக்கம் கைப்பிடியே இல்லை.

“எனக்குத் தெரியும் அது அப்பிடித்தான் இருக்குமெண்டு.”

இருங்கள், ஒருவரும் பேசாதீர்கள். அக்கா இன்னும் முடிக்கவில்லை.

“அப்ப அம்புறோசிட்டைச் சொல்லு. பின்கதவு ரெண்டையும் விரியத் திறந்து விடட்டும். திறந்தபடி விட்டிட்டு லைற்றைப் போடட்டும். நான் வந்து பாக்கிறன்.”

கேட்டீர்களா சபையோரே? கேட்டீர்களா? கைதட்ட வேண்டாம், தயவுசெய்து இதற்குக் கைதட்ட வேண்டாம். படலையைத் திறவுங்கள்! இஞ்சாருங்கோ அம்புறோஸ், கேட்டதோ? உறையைக் கழட்டுங்கோ. ஆனால் முதலில் கதவுகள். இரண்டு பின்கதவும். விரிய. பிறகுதான் வெளிச்சம்.

என் பேச்சு இங்கே நிற்கிறது. இடம் தந்த தலைவருக்கும், பொறுமை தந்த சபைக்கும், குளிரில் காத்து நிற்கும் வெர்னருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. அக்காவுக்கு மேடையில் நின்று நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இறங்கி வருகிறேன், அக்கா, கையைத் தாருங்கள், சேர்ந்தே போவோம். எல்லோரும் மறக்காமல் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள். பெரியோர், சிறியோர் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.